குழாயடிச் சண்டை: ஒரு தொடரும் சில புனைகதைகளும்

இழிந்த பூசலைக் குறித்தற்கு இக்காலத் தமிழில் பெருவழக்காய் வழங்கும் தொடர் ‘குழாயடிச் சண்டை’ என்பது. அவையில் உறுப்பினர் இருவர் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டால் நாளிதழ் அதனைக் குழாயடிச் சண்டை என எழுதுகின்றது. புலவர் இருவர் பாடவேறுபாடு ஒன்றுபற்றி அளவிறந்து வெகுண்டால் நடுநிற்போர் அதனையும் அவ்வாறே கூறி நகைப்பர். கூறுவார் எவரும் குழாயை நினைந்து கூறுவதில்லை. பெண்டிர், அவருள்ளும் ஏழைப் பெண்டிர், தக்க காரணம் ஏதுமின்றி இடும் கூச்சல் என்பதே அத்தொடர் கேட்போர் உள்ளத்து எழுப்பும் கருத்தாகும். தக்க காரணம் இல்லை என்னும் அக்கருத்து எங்ஙனம் வந்து புகுந்தது, நம் புனைகதையாசிரியர் அதனை எவ்வாறு ஏற்றனர் அல்லது மறுத்தனர் என ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

இத்தொடரை யாமும் ஆண்டதுண்டு. சில ஆண்டுகட்கு முன்னர் முதுகலை வகுப்பில் மாணாக்கர் இருவர் உரைவேறுபாடு ஒன்றுபற்றிக் குரலுயர்த்தி வாதிட்டபோது, “இது வகுப்பறை, குழாயடி அன்று” என்றோம். வகுப்பு நகைத்தது. பின் வரிசையிலிருந்த மாணாக்கர் ஒருவர் மட்டும் நகைக்கவில்லை. சென்னையில் பக்கிங்காம் கால்வாய்க் கரையிலுள்ள குடிசைப்பகுதி ஒன்றிலிருந்து வருபவர் அவர். முதற் பாடவேளைக்கு வாரத்தில் இரு நாளேனும் காலந்தாழ்த்து வருவார். அதன்பொருட்டு யாம் அவரைக் கடிந்ததும் உண்டு. வகுப்பு முடிந்தபின் அவர் எம்மிடம் வந்து, “ஐயா, லாரி காலையில் எட்டு மணிக்குத்தான் வருகிறது. அம்மா வேலைக்குப் போய்விடுவார்கள், நான்தான் குடம் பிடிக்க வேண்டும்” என்றார். சண்டையைப் பற்றி அவர் ஒன்றும் கூறவில்லை. கூறவேண்டிய தேவையும் இல்லை.

முதற்கண் சொல்லை நோக்குவோம். மரத்தடி, கிணற்றடி என்பவற்றைப் போலவே குழாயடி என்பதிலும் ‘அடி’ என்பது ஒரு பொருளைச் சார்ந்த இடத்தைக் குறித்து நிற்கின்றது. ஆயின் ‘கிணற்றடி’ என்றவுடன் தமிழ் படித்தார் உள்ளத்துத் தோன்றுவன தோழியர் உரையாடலும், தனிமையும், துவைகல்லும், வாழைமரமுமே. ‘குழாயடி’ என்றவுடன் தோன்றுவது பூசல். இரண்டிடத்தும் நீரெடுப்போர் பெண்டிரே, குடமும் அதுவே. வேறுபாடு பெண்டிர் இயல்பில் இல்லை, நீரின் இயல்பில் உள்ளது. கிணறு இறைக்குந்தோறும் தரும்; அதற்குக் காலம் கயிறுடையார் குறிக்கும் காலமே. குழாயோ தனக்கெனக் குறித்த நாழிகையில் மட்டும் தரும். அந்நாழிகையைக் குறிப்பவர் குழாயடியில் நிற்பதில்லை. (கிணற்றடியைப் போற்றுவார் ஒன்று நினைதல் வேண்டும். எத்தனையோ ஊர்களில் எத்தனையோ பெண்டிர் அக்கிணற்றை அணுகவே விடப்படாமல், பிறர் இறைத்து ஊற்றுவதற்காகத் தொலைவில் காத்து நின்றனர். கிணற்றடியின் அமைதியில் அவர் குரல் இல்லாமையும் ஒரு பகுதி.)

அகப்பொருள் இலக்கணம் இதனை விளக்கத் துணை செய்யும். தொல்காப்பியனார் கருப்பொருளைத் தொகுத்துக் கூறுமிடத்து நீரைத் தனியே எண்ணினாரல்லர். நாற்கவிராச நம்பியோ தம் அகப்பொருள் விளக்கத்துக் கருப்பொருள் பதினான்கனுள் நீரையும் ஒன்றாக வைத்தார். குறிஞ்சிக்கு அருவியும் சுனையும், மருதத்திற்கு யாறும் பொய்கையும் மனைக்கிணறும், நெய்தற்கு உவர்நீர்க் கேணியும் கழியும், பாலைக்கு நீர் வற்றிய கூவலும் என நிலந்தோறும் நீர் வேறுபடும். அந்நீரே அந்நிலத்து மாந்தர் ஒழுக்கத்திற்குப் பின்புலமாய் நிற்கும். கருப்பொருளை நீக்கிவிட்டு உரிப்பொருளை மட்டும் காட்டினால் பாட்டு விளங்காது. ‘குழாயடிச் சண்டை’ என்னும் தொடர் செய்வது இதுவே. சண்டையாகிய ஒழுக்கத்தை வைத்துக்கொண்டு, நீர் இன்மையாகிய கருப்பொருளை அது நீக்கிவிடுகின்றது. குழாய் பெயரளவில் எஞ்சுகின்றது. அதனுள் நீர் உண்டோ என்பதை எவரும் வினவுவதில்லை.

வினவிப் பார்த்தல் கடினமன்று. பிளாஸ்டிக் குடம் ஒன்று ஏறத்தாழ 15 லிட்டர் கொள்ளும். நடுவணரசு 1999 ஆம் ஆண்டு வெளியிட்ட குடிநீர் வழங்கற் கையேடு, வீட்டுக் குழாயும் கழிவுநீர் வடிகாலும் உடைய நகரத்தார்க்கு ஆளொன்றுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்றும், பெருநகரத்தார்க்கு 150 லிட்டர் என்றும், தெருக்குழாயிற் பிடிப்பார்க்கு 40 லிட்டர் என்றும் அளவு வகுத்தது. ஒரே நகரில் ஒரே வெயிலில் வாழும் இருவர்க்கு இரண்டு அளவு! அது நிற்க. இக்குறைந்த அளவையே கொள்வோம். ஐவர் கொண்ட குடும்பத்திற்கு 200 லிட்டர் வேண்டும். அஃது ஏறத்தாழ 14 குடம். குழாய் இரண்டு மணிநேரம் திறந்திருக்கும் எனவும், அழுத்தம் குறைந்த குழாயில் ஒரு குடம் நிறைய இரண்டு நிமிடம் ஆகும் எனவும் வைத்துக்கொள்வோம். மொத்தம் நிறைவன 60 குடங்கள். நான்கு குடும்பங்கள் நிறைவுறும். ஐந்தாவது குடும்பத்திற்கு நான்கு குடம் எஞ்சும். ஆறாவது குடும்பத்திற்கு ஒன்றும் இல்லை. குழாயொன்றை நம்பி இருப்பனவோ இருபதும் முப்பதும் ஆகிய குடும்பங்கள். ஆறாவது குடும்பத்துத் தாய் வாய்திறவாது நிற்பாளாயின் அதுவன்றோ ஆராயத்தக்க வியப்பு.

அன்றியும், குழாயடியில் முறைமை இல்லை என்பது காணாதார் கூற்று. விடியுமுன்னரே குடங்கள் வரிசையில் வைக்கப்பெறும். குடம் இல்லாதார் உடைந்த வாளியையோ செங்கல்லையோ வைப்பர். அச்செங்கல் ஓர் ஆளாகவே மதிக்கப்படும். அதனை நகர்த்துதல் பெருங்குற்றம். பிள்ளை பெற்றவள் வீட்டிற்கும் சாவு நிகழ்ந்த வீட்டிற்கும் முறை கடந்து இடம் விடுதலும் உண்டு. பூசல் எழுவது இம்முறை மீறப்பட்டது என ஒருத்தி கருதுமிடத்தே ஆகும். எனவே அது முறை பற்றிய வழக்கு; வழக்காடு மன்றத்தில் உயர்ந்த சொற்களால் நிகழ்வது ஈண்டு உரத்த சொற்களால் நிகழ்கின்றது. இச்செய்திகளுட் பல எம் மாணாக்கர் வாயிலாக யாம் அறிந்தன.

இனிப் புனைகதைகளுக்கு வருவோம்.

புதுமைப்பித்தன் 1934 ஆம் ஆண்டு எழுதிய ‘பொன்னகரம்’ சிறுகதையை அறியாத தமிழ் மாணாக்கர் இலர். ஆலைத்தொழிலாளியாகிய அம்மாளு, குதிரைவண்டி ஓட்டும் கணவன் முருகேசன் அடிபட்டுக் கிடக்க, அவனுக்குப் பால்கஞ்சி வார்க்கக் காசின்றி, தன்மேல் நெடுநாள் கண் வைத்திருந்த ஒருவனோடு இருளில் மறைந்து முக்கால் ரூபாய் ஈட்டுகின்றாள். கதையின் இறுதியில் ஆசிரியர் கற்பைப் பற்றிப் பேசுவாரை நோக்கி எறியும் கேள்வியைப் பற்றியே எண்பதாண்டுகட்கும் மேலாகத் திறனாய்வாளர் எழுதி வந்துள்ளனர். யாமும் அவ்வாறே கற்பித்தோம். ஆயின் அம்மாளு இல்லத்திலிருந்து புறப்படுவது கற்பை விற்பதற்கு அன்று, தண்ணீர் எடுப்பதற்கே. குழாயடியில் பெண்டிர் கூடிப் பேசும் பேச்சு கதையில் இடம்பெறுகின்றது. அக்கதையில் மாந்தர் ஒருவரோடொருவர் கூடி நிற்கும் இடம் அதுவே எனலாம். குழாயடிக்கும் குடிசைக்கும் இடையிலுள்ள சந்தின் இருளில்தான் அவன் நிற்கின்றான். வீட்டினுள் குழாய் உடையவளுக்கு அச்சந்து இல்லை, அவ்விருளும் இல்லை. நீரெடுக்கச் செல்லும் வழியின் நீளம் ஏழைப் பெண்ணின் வாழ்வில் என்ன செய்யும் என்பதை இத்துணைச் சுருக்கமாகக் கூறிய பிறிதொரு கதை தமிழில் உண்டோ என ஐயுறுகின்றோம். புதுமைப்பித்தன் அதனை எண்ணியே அமைத்தாரா எனின், அறிதற்கில்லை. கதையில் உள்ளது, அது போதும்.

செயகாந்தன் சென்னைச் சேரியைத் தமிழ்ப் புனைகதையின் நடுவே கொணர்ந்து நிறுத்தியவர். ‘உன்னைப்போல் ஒருவ’னில் சித்தாள் தங்கமும் அவள் மகன் சிட்டியும் பேசும் பேச்சு, அதுவரை நகைச்சுவைக்கு மட்டுமே பயன்பட்ட ஒரு வழக்கைத் துன்பியலுக்கு உரியதாக்கிற்று. 1965 ஆம் ஆண்டு அவரே அதனைத் திரைப்படமாகவும் ஆக்கினார். ஆயினும் அவர் நாட்டமெல்லாம் மாந்தர் மனத்தின்மேலது. தாய் மறுபடியும் ஓர் ஆண்துணையைத் தேடுதல் தகுமோ, மகன் அதனைப் பொறுத்தல் கூடுமோ என்னும் வினாக்களில் ஆழ்ந்த அவர்க்குக் குடத்தை எண்ணிக் கணக்கிட நேரமில்லை. இதனைக் குறையாகக் கூறவில்லை. எம் ஆராய்ச்சிக்கு அவர் தரும் சான்று சிறிது என்பதே கருத்து.

நீரையே பெயராகக் கொண்டு எழுந்த நாவல் அசோகமித்திரனின் ‘தண்ணீர்’. 1970களின் தொடக்கத்தில் வெளிவந்த அந்நூல், நீர்ப்பஞ்சம் வாட்டிய சென்னைத் தெரு ஒன்றில் வாழும் சமுனா, அவள் தங்கை சாயா, அண்டையில் வாழும் டீச்சரம்மா ஆகியோரை நமக்குக் காட்டுகின்றது. இவர்கள் குடிசைப்பகுதியினர் அல்லர், வாடகைக் குடித்தனக்காரர். ஆயினும் நீர்முட்டுப்பாடு அவர்களையும் குடமேந்தித் தெருவில் ஓட வைக்கின்றது. குழாய்க்கென மாநகராட்சி தெருவைத் தோண்டுகின்றது. தோண்டிய பள்ளத்தில் சேறு தேங்குகின்றது. குடிநீரில் கழிவுநீர் கலக்கின்றது. திரைப்பட வாய்ப்பு என்னும் பொய்நம்பிக்கையால் வாழ்வு சிதைந்த சமுனா உயிர்விடத் துணியும்போது, டீச்சரம்மா தன் வாழ்க்கையை அவளுக்கு எடுத்துரைக்கின்றாள்.

இந்நாவலைப் பற்றி எழுதியோருட் பலர், தண்ணீரை ஒரு குறியீடாகக் கொண்டனர். அன்பின் வறட்சி, உறவின் வறட்சி, நகரவாழ்வின் வறட்சி எனப் பலவாறாகக் கூறினர். இக்கூற்றுகள் பொய் அல்ல. ஆயின் அவை விரைந்து கூறப்பட்டன என்பது எம் கருத்து. தண்ணீர் எதற்குக் குறியீடு என வினவுமுன், தண்ணீர் தண்ணீராக அந்நூலில் என்ன செய்கின்றது என வினவுதல் வேண்டும். வீட்டில் இருபத்துநான்கு மணிநேரமும் குழாயில் நீர் வரப்பெற்ற திறனாய்வாளர்க்குத் தண்ணீர் எளிதிற் குறியீடாகிவிடுகின்றது! குடத்தோடு நிற்பாளுக்கு அஃது ஆகாது. அசோகமித்திரனின் திறம், துயரின் உச்சியில் நிற்கும் பெண்ணும் குடத்தை எடுத்துக்கொண்டு போயாகவேண்டும் என்பதை எவ்வகை அழுத்தமுமின்றிக் காட்டுவதில் உள்ளது. உயிர்விடும் எண்ணத்திற்கும் அடுத்த குடத்திற்கும் இடையே அவர் ஒரு தத்துவத்தையும் வைப்பதில்லை. தண்ணீர் வந்துவிட்டது என்றால் எழுந்து போகவேண்டும், அவ்வளவே. அத்தெருவின் பெண்டிர் ஒருவர்க்கொருவர் சினந்தும் பேசுவர், உதவியும் செய்வர். இரண்டும் ஒரே பற்றாக்குறையின் விளைவு என்பதை ஆசிரியர் உணர்ந்திருந்தார். குழாயடிச் சண்டை என்னும் தொடர் நீக்கிய கருப்பொருளை மீண்டும் அதன் இடத்தில் வைத்த நூல் இது என்று யாம் கொள்கின்றோம்.

ஒரு குறையும் கூறல் வேண்டும். அத்தெருவிற்கு முகவரி உண்டு. நீர் வாராவிடின் முறையிடுதற்கு ஓர் அலுவலகமும் உண்டு. முறையீடு பயன் தராவிடினும் அதனை ஏற்கமாட்டோம் என எவரும் சொல்லார். முகவரி இல்லாத மக்கள் நிலை வேறு. அவர்கள் நாவலின் ஓரத்திலும் தோன்றுவது அரிது.

கோமல் சுவாமிநாதனின் ‘தண்ணீர் தண்ணீர்’ நாடகம் (1980) இதனோடு ஒப்பிடத்தக்கது. அடுத்த ஆண்டு பாலசந்தரால் திரைப்படமானமையின் பலரும் அறிவர். அத்திப்பட்டி என்னும் வறண்ட சிற்றூர் மக்கள் ஒருங்குகூடுகின்றனர். தேர்தலைப் புறக்கணிக்கத் துணிகின்றனர். தாமே கால்வாய் வெட்டப் புகுகின்றனர். அரசு குறுக்கே நிற்கின்றது. ஊர் என ஒன்று இருத்தலின் ஊர்க்குரல் என ஒன்று எழுந்தது. நகரத்துக் குடிசைப்பகுதியில் அக்குரல் எழுவது எளிதன்று. பகை தொலைவிலுள்ள அரசோடு என்பதை உணருமுன் பக்கத்துக் குடத்தோடு என ஆகிவிடுகின்றது. மேலும், குரலெழுப்பினால் “உங்களை இங்கே இருக்கச் சொன்னது யார்?” என்னும் எதிர்வினா வரும். அவ்வினாவிற்கு அஞ்சியே பலர் அமைகின்றனர்.

இவ்விடத்து நம் பழைய மரபையும் எண்ணிப் பார்த்தல் தகும். குடபுலவியனார் பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கி, மறுமையும் வெற்றியும் புகழும் வேண்டின் நிலம் குழிந்த இடந்தோறும் நீரைத் தேக்குக என அறிவுறுத்திய புறப்பாட்டை யாவரும் அறிவர். அப்பூதியடிகள் திங்களூரில் நாவுக்கரசர் பெயரால் தண்ணீர்ப்பந்தல் அமைத்ததைச் சேக்கிழார் கூறுவார். அரசன் தருவது கடமை. அடியார் தருவது அறம். இரண்டும் உயர்ந்தனவே. ஆயின் இரண்டிலும் பெறுவான் பேசுவதில்லை. ‘எமக்கு உரியது’ என அவன் கேட்கும் பாட்டு நம் பழைய இலக்கியத்தில் யாம் கண்ட அளவில் இல்லை. இன்றும் தேர்தல் காலத்தில் குடிசைப்பகுதிக்கு வரும் தொட்டி, கட்சிக்காரர் ஒருவரின் கொடையாகவே வருகின்றது. அதன்மேல் அவர் பெயரும் எழுதப்பெறுகின்றது. தண்ணீர்ப்பந்தலின் மரபு இங்ஙனம் திரிந்தது.

நீதிமன்றங்கள் வேறு வகையாகப் பேசத் தொடங்கியுள்ளன. மும்பையில் 2000 ஆம் ஆண்டு சனவரி முதல் நாளுக்குப் பின் எழுந்த குடிசைகட்கு மாநகராட்சி குடிநீர் வழங்காதிருந்த நிலையை எதிர்த்து நிகழ்ந்த வழக்கில், உயிர்வாழும் உரிமையினுள் தண்ணீர் பெறும் உரிமையும் அடங்கும் என்றும், குடிசை சட்டத்திற்குப் புறம்பானது என்பதால் அதனை முற்றிலும் மறுத்தல் ஆகாது என்றும் பம்பாய் உயர்நீதிமன்றம் 2014 டிசம்பரில் கூறியது. சட்டப்படி அமைந்த வீட்டில் வாழ்வாரோடு ஒத்த அளவில் கோர இயலாது என்றும் அதே தீர்ப்புக் கூறியது. ஆக, உரிமையும் உண்டு. இரண்டு அளவும் உண்டு.

சென்னைக்கு மீள்வோம். ஆண்டிற்கு ஏறத்தாழ 1,400 மில்லிமீட்டர் மழை பெறும் நகரம் இது. கூவமும் அடையாறும் பக்கிங்காம் கால்வாயும் ஊடே செல்கின்றன. குடிசைகள் மிகுந்தன அவற்றின் கரைகளிலேயே. நீர் அருகிருந்தும் வாயிலிட ஒரு துளி இல்லை. 2019 ஆம் ஆண்டுக் கோடையில் ஏரிகள் வற்றியபோது, சூலையில் சோலார்ப்பேட்டையிலிருந்து இரயிலில் தண்ணீர் கொணரப்பட்டது. நடைக்கு 25 இலட்சம் லிட்டர். நாடெங்கும் செய்தியாயிற்று. எம் மாணாக்கர் அன்று கூறியது நினைவிருக்கின்றது: “இந்த ஆண்டு எல்லாரும் எங்களைப் போல ஆகிவிட்டார்கள் ஐயா.” பாலை என்பது தனக்கென நிலம் உடையதன்று, முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்த காலத்துக் கொள்ளும் வடிவமே அது என இளங்கோவடிகள் காட்டினார். கரையோரத்துக் குடிசைப்பகுதியின் வறட்சியும் அத்தகையதே. வேறுபாடு ஒன்று: இளங்கோவடிகள் கூறிய திரிபுக்குக் காரணம் வேனில்; ஈண்டுக் காரணம் வான் அன்று. எங்குக் குழாய் பதிப்பது, எங்குப் பதிக்காமல் விடுவது என்னும் முடிவால் விளைந்த பாலை இது.

இப்பாலையை உள்ளிருந்து எழுதும் எழுத்தாளர் இன்று தோன்றியுள்ளனர். தமிழ்ப்பிரபாவின் ‘பேட்டை’ (2018) சிந்தாதிரிப்பேட்டை மக்களை அவர்தம் மொழியிலேயே பேசவைக்கின்றது. இவ்வகை நூல்களைத் திறனாய்வோர் வட்டார வழக்கு, விளிம்புநிலை என்னும் இரு சொற்களோடு அமைந்துவிடுகின்றனர். பேச்சு எவ்வளவு நுட்பமாகப் பதிவாயிற்று என்பதோடு, கருப்பொருள் எவ்வளவு நுட்பமாகப் பதிவாயிற்று என்பதையும் அவர்கள் நோக்குவராக. நீர் எங்கிருந்து வருகின்றது, எத்தனை மணிக்கு, யார் பிடிக்கின்றார், யார் பள்ளிக்குப் போகாமல் நிற்கின்றார் என்பன கதைக்குப் புறம்பானவை அல்ல.

எம் வேண்டுகோட்கு இணங்கி அம்மாணாக்கர் தம் பகுதியில் நீரைக் குறித்து வழங்கும் பெயர்களைத் தொகுத்துத் தந்தார். குடிப்பதற்கும் சமைப்பதற்கும் உரியது நல்ல தண்ணி. அடிபம்பில் வருவது உப்புத் தண்ணி. அது பாத்திரத்திற்கும் துணிக்கும். தெருவோரத் தொட்டியில் நிரப்பப்படுவது லாரித் தண்ணி. ஆழ்துளைக் கிணறு உடைய வீட்டார் காசு பெற்றுக்கொண்டு தருவது போர்த் தண்ணி. காய்ச்சல் கண்டாருக்கும் கைக்குழந்தைக்கும் மட்டும் வாங்கப்படுவது கேன் தண்ணி. நாற்கவிராச நம்பியின் பட்டியலோடு இதனை ஒப்புநோக்கி ஒரு கட்டுரை எழுதுமாறு அவரைப் பணித்துள்ளோம். காலை எட்டு மணி வகுப்பையும் ஒன்பதரைக்கு மாற்றியுள்ளோம்.